டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, பாரம் நிரப்புவது, அரசாங்க அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுதித் தருவது, இவைதான் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன்னால் பழைய தோட்டத்து அக்கா ஒருவர் தம் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். நல்ல வேலைதானே?" என்று அவனுடைய தொலைபேசியை என் முன்னால் வைத்தார்.

விளம்பரம் பளபளவென்று இருந்தது. கம்போடியாவில் வாடிக்கையாளர் சேவை வேலை. மாதம் 6,000 வெள்ளி (ரிங்கிட்). அனுபவம் தேவையில்லை, எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) போதும். தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் இலவசம்.

"டிக்கெட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். "கம்பெனிதான் அண்ணே" என்றான் பையன். "முன்பின் தெரியாத உனக்கு எதற்காகக் கொடுக்கிறார்கள்?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. அன்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். 'மனிதக் கடத்தல்' என்றதும் நம் மனத்தில் ஓடும் படம் என்ன? கறுப்புக் கண்ணாடி வேன், மூக்கில் வைத்து அழுத்தும் கைக்குட்டை, கதறும் குழந்தை. அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் தங்கள் காலாலேயே நடந்து போகிறார்கள். துணிமணி மடித்து, சாமி கும்பிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) முறையாக முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போகிறார்கள். மலாயில் இதை 'பெமெர்டாகாங்கான் ஓராங்' என்கிறார்கள். 'டாகாங்' என்றால் வியாபாரம். அந்தச் சொல் விஷயத்தை நேராகத் தொடுகிறது. தமிழில் சிலர் 'மனித வணிகம்' என்று எழுதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கடத்தல் என்ற சொல் நம் கண்ணை எல்லையின் பக்கம் திருப்பிவிடுகிறது. குற்றம் நடப்பதோ பெரும்பாலும் எல்லையைத் தாண்டிய பிறகு. எல்லையைத் தாண்டாமலும் நடக்கும்; சொந்த ஊரிலேயே ஒருவரை விற்க முடியும்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் போல இன்னொரு குற்றம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டவைப்பது அது. அக்கரையில் இறக்கிவிட்டதும் அந்த வியாபாரம் முடிந்துவிடும். மனித வணிகத்தில் அங்கேதான் வியாபாரமே தொடங்குகிறது. முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு ஒரே இரவு போதும். நம் கெடாவுக்கு அடுத்த பெர்லிஸில், வாங் கெலியான் காட்டில், 2015 மே மாதம் 28 முகாம்களையும் 139 புதைகுழிகளையும் கண்டதாகப் போலீஸ் அறிவித்தது நினைவிருக்கும். அங்கே அடைபட்டிருந்த மியன்மாரின் ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும் படகுக்காரனுக்குக் காசு கொடுத்து ஏறியவர்கள்தான். வழியில் காட்டுக்குள் அடைத்துவைத்து, ஊரிலிருந்து இன்னும் பணம் வரவழைக்கச் சொல்லி அடித்தார்கள். பணம் வராதவர்கள் அந்தக் காட்டைவிட்டு வெளியே வரவில்லை.

உலக நாடுகள் இந்தக் குற்றத்துக்கு ஒரே இலக்கணம் வகுத்துக்கொண்டது வெகு தாமதமாகத்தான். 2000 நவம்பர் 15 அன்று ஐ.நா. பொதுச் சபை ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இத்தாலியின் பலெர்மோ நகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டதால் அதைப் பலெர்மோ நெறிமுறை என்கிறார்கள். 2003 டிசம்பர் 25இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 2007இல் தனிச் சட்டம் இயற்றி, 2009இல் அந்த உடன்படிக்கையிலும் சேர்ந்தது.

அந்த நெறிமுறை மூன்று கேள்வி கேட்கிறது. என்ன செய்தார்கள்? ஆள் சேர்த்தார்களா, ஏற்றிக்கொண்டு போனார்களா, கைமாற்றினார்களா, அடைத்துவைத்தார்களா? எப்படிச் செய்தார்கள்? மிரட்டியா, ஏமாற்றியா, அவருடைய கையறு நிலையைப் பயன்படுத்திக்கொண்டா? எதற்காகச் செய்தார்கள்? கட்டாய வேலைக்கா, பாலியல் தொழிலுக்கா, அடிமைத்தனத்துக்கா, உடலுறுப்பை எடுக்கவா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் குற்றம் முழுமை பெறுகிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே இருந்தால் நடுக்கேள்வியே வேண்டாம். பதினாறு வயதுப் பெண்ணைச் சுரண்டுவதற்காகக் கூட்டிக்கொண்டு போனவன் "நான் ஏமாற்றவில்லை, உண்மையைச் சொல்லித்தான் அழைத்தேன்" என்று தப்ப முடியாது.

இந்த இலக்கணத்தில் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது சம்மதம் பற்றிய பகுதி. பசியாறக் கடையில் உட்கார்ந்தால் போதும், "அவனாகத்தானே சம்மதித்துப் போனான், இப்போது அழுது என்ன பயன்?" என்ற தீர்ப்பு உடனே கிடைத்துவிடும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை என்கிறது பலெர்மோ. நம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பதைக் குற்றவாளி தன் தற்காப்பாகக் காட்ட முடியாது என்கிறது. ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனால், அவர் சம்மதித்தது ஹோட்டல் வேலைக்கு மட்டும்.

இனி கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நமக்கு இதில் சொந்தக் கதை இருக்கிறது.

அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. 1791 வாக்கில் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடிமைகள் விளைவித்த சீனியை வாங்குவதில்லை என்று தேநீரைச் சீனியில்லாமல் குடித்தன. 1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. 1833இல் சட்டம் போட்டு, 1834 ஆகஸ்ட் 1 முதல் தன் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமைமுறையை நீக்கியது. நல்ல காரியம். ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! அதே 1834இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் மொரீஷியசுக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். ஒரு கதவைச் சாத்தும்போதே பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவர்களிலேயே சிலர் இந்த ஒப்பந்தமுறை புதிய அடிமைத்தனம் என்று அப்போதே எச்சரித்தார்கள்.

பினாங்குக்கும் அதன் எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் அந்த வழியில்தான் வந்தார்கள். கப்பல் கட்டணத்தை முதலாளி முன்பணமாகக் கொடுப்பார். அந்தக் கடனைச் சம்பளத்தில் பிடிப்பார். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடினால் அது குற்றம், பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போடலாம். கடனைத் திருப்பாதவனுக்கு எங்கும் வழக்குத்தான். இங்கே வேலையைவிட்டு விலகுவதற்கே சிறை.

1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணி சொந்த ஊருக்கே போய் ஆள் சேர்த்து வரும் கங்காணிமுறை வளர்ந்திருந்தது. என் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து அப்படி வந்தவர். ஊருக்கு வந்த கங்காணி சரிகைத் தலைப்பாகையும் கைக்கடிகாரமுமாக நின்று, "மலாயாவில் மரத்தைக் கீறினால் காசு வடிகிறது" என்றாராம். வடிந்தது ரப்பர்ப் பால்தான். காசு வேறு பக்கம் வடிந்தது என்று தாத்தா சிரிப்பார். கங்காணிக்கு அவர் கூட்டிவந்த ஒவ்வொரு தலைக்கும் காசு கிடைத்தது.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். கங்காணிமுறை முழுவதையும் மனித வணிகம் என்று நான் சொல்லமாட்டேன். பலர் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பித் தெரிந்தே வந்தார்கள். சொந்த ஊரில் கிடைக்காத சிலது அவர்களுக்கு இங்கே கிடைத்தது. 1907இல் அன்றைய அரசாங்கம் தோட்ட முதலாளிகள் எல்லோரிடமும் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதியை உருவாக்கியது. கூலிகளின் பயணச் செலவை அந்த நிதி ஏற்றது. அதற்குப் பிறகு டிக்கெட் கடன் இல்லாமல் வந்தவர்கள் உண்டு. டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தது என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள்! முதலாளிகள் பொதுவில் கொடுத்தால் கூலி கடனில்லாமல் இறங்குகிறான். அவன் பெயரில் எழுதிவைத்தால் கடனாளியாக இறங்குகிறான். இரண்டு பேரும் இறங்கியது ஒரே பினாங்குத் துறையில்தான். 1938இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள்சேர்ப்பையே தடை செய்துவிட்டது.

அடுத்து வந்தது சயாம் மரண ரயில். அதில் சந்தேகமே வேண்டாம், பலெர்மோவின் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. 1942, 1943இல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று சொல்லித் தோட்டத்து ஆட்களைச் சேர்த்தார்கள். ஆள் குறைந்தபோது பிடித்தே கொண்டுபோனார்கள். மலாயா, பர்மா, சாவகம் (ஜாவா) என்று ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவுக்கு அங்கே வேலை செய்தார்கள் என்றும், ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகளில் பலருக்குக் காஞ்சனபுரியில் ஆளுக்கொரு கல்லறை, அதில் ஆளுக்கொரு பெயர். நம்மவர்களில் பலருக்குப் பட்டியலில்கூடப் பெயர் இல்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பாட்டி கணவர் சயாமுக்குப் போன நாளையே திதியாக வைத்துப் படையல் போட்டார். இறந்த நாள் அவருக்குத் தெரியாது.

இதற்கிடையில் உலக அரங்கில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1904இல் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தின் பெயரே 'வெள்ளை அடிமை வணிகம்' பற்றியது. வெள்ளைப் பெண்கள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவது மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குப் பட்டது. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன நம்மவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 1926இல் உலக நாடுகள் சங்கம் அடிமைமுறைக்கு எதிராகவும், 1930இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய வேலைக்கு எதிராகவும் உடன்படிக்கை கொண்டுவந்தன. 1949இல் ஐ.நா. கொண்டுவந்ததும் பாலியல் தொழிலைச் சுற்றியே இருந்தது. தோட்டம், தொழிற்சாலை, மீன்பிடிப் படகு, வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒரே வலைக்குள் கொண்டுவர 2000 வரை ஆயிற்று.

இப்போதைய கணக்கு என்ன? சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 27.6 மில்லியன் பேர் கட்டாய வேலையில் இருந்தார்கள். அதில் பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 6.3 மில்லியன். தனியார் துறையின் மற்ற வேலைகளில் 17.3 மில்லியன். மீதி அரசுகளே சுமத்திய வேலை. பத்திரிகையில் முதல் வகையைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். இரண்டாவது வகையோ நாம் தினமும் பார்க்கிற இடங்களில் இருக்கிறது.

என் கடைக்கு வரும் நேப்பாளிக் காவலாளி ஒருவர் தம் கடப்பிதழை இரண்டு நகல் எடுக்கச் சொன்னார். "சாயங்காலம் அசல் அலுவலகத்துக்குப் போய்விடும். இனி இதுதான் என்னிடம் இருக்கும்" என்றார். அடுத்தவருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது நம் நாட்டின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். "அவர்களுக்கும் தெரியும்" என்றார். இங்கே வருவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் ஊரில் வட்டிக்கு வாங்கியது. இரண்டு வருடச் சம்பளம் அதற்கே போகுமாம்.

கட்டாய வேலையை அடையாளம் காண 11 அறிகுறிகளைச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் சொல்கிறது. முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. கடனில் கட்டிவைப்பது, கடப்பிதழைப் பிடித்துவைப்பது, சம்பளத்தை நிறுத்திவைப்பது ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தாலே பாதிக்குமேல் பிடிபட்டுவிடும். பூட்டுப் போட்ட கதவு வேண்டியதில்லை. கையில் ஆவணமில்லாதவன் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும், உள்ளே இருந்தால் கடன் பிடிக்கும். கதவு திறந்தே கிடந்தாலும் அவன் எங்கே போவான்? ஓர் அறிகுறி இருந்தாலே மனித வணிகம் என்று முடிவு கட்டிவிட முடியாது. விசாரிக்க வேண்டிய இடம் அது என்று அர்த்தம்.

இதில் நமக்குக் கசப்பான ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் லயத்தில் நாம் இருந்தோம், மேலே வெள்ளைக்காரத் துரையும் கணக்கெழுதும் கிராணியும் கங்காணியும் இருந்தார்கள். இன்று செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுபவர் இந்தோனேசியர், சுமப்பவர் வங்காளதேசி, மேற்பார்க்கும் மண்டோர் பல இடங்களில் நம் ஆள். கடப்பிதழ்களை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்த ஒருவரிடம், உங்கள் தாத்தாவுக்கு இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஓடிவிடுவார்கள் தம்பி, உனக்குத் தெரியாது" என்றார். துரைமார்களும் அதைத்தான் சொன்னார்கள்.

சுங்கைப்பட்டாணியில் 1946இல் பிறந்த ஒரு பெண் இதை வேறுவிதமாகப் பார்த்தார். ஐரீன் ஃபெர்னாண்டஸ். தோட்டச் சூழலில் வளர்ந்தவர். 1991இல் தெனாகனிதா என்ற அமைப்பைத் தொடங்கி, பெண் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் துணை நின்றார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் நடக்கும் கொடுமைகளைத் தொகுத்து 1995இல் வெளியிட்டார். பொய்ச் செய்தி பரப்பியதாக அடுத்த ஆண்டு வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2008இல்தான் விடுதலைத் தீர்ப்பு வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2005இல், 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் சுவீடன் நாட்டு விருதைப் பெற்றார். 2014இல் காலமானார். உலக இயக்கம் என்று நாம் பெரிதாகச் சொல்வது கடைசியில் இப்படிப்பட்டவர்கள் நீதிமன்ற வாசலில் காத்துக்கிடந்த பதின்மூன்று வருடங்கள்தான்.

இயக்கத்திலும் குறை உண்டு. அமெரிக்கா 2001 முதல் ஆண்டுதோறும் மனித வணிகம் பற்றி ஓர் அறிக்கை போட்டு உலக நாடுகளைத் தரம் பிரிக்கிறது. மலேசியா 2014இலும் பிறகு 2021, 2022இலும் கடைசித் தரத்தில் இருந்தது. 'இவர்கள் யார் நமக்கு மதிப்பெண் போட?' என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் மதிப்பெண் குறைந்தபோதுதான் இங்கே கோப்புகள் நகர்ந்தன என்பதும் கண்கூடு. 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய வேலையைக் காரணம் காட்டி மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயையும், வேறொரு நிறுவனத்தின் ரப்பர் கையுறைகளையும் துறைமுகத்தில் நிறுத்திவைத்தது. அடுத்த சில வருடங்களில் அந்த நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு ஏஜெண்டுக் கட்டணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1791இன் சீனி நினைவுக்கு வருகிறதா? மலேசியா 2022இல் கட்டாய வேலைக்கு எதிரான சர்வதேச நெறிமுறையிலும் சேர்ந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது மீட்கப்பட்டவர்களை நடத்தும் விதம். காப்பகம் என்ற பெயரில் அடைத்துவைத்தால், மீட்டதற்கும் பிடித்ததற்கும் என்ன வித்தியாசம்? 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்கள் வெளியே போய்வரவும் வேலை செய்யவும் வழி செய்தது. சட்டத்தில் வந்தது நடப்பில் முழுதாக வர நாளாகிறது. பாதிக்கப்பட்டவர் என்று அடையாளம் காணப்படாதவரோ ஆவணமில்லாத குற்றவாளியாகிக் குடிநுழைவு முகாமுக்குப் போகிறார். அதனால்தான் அந்த முதல் சில மணி நேர விசாரணையில் யார் கேள்வி கேட்கிறார், எந்த மொழியில் கேட்கிறார் என்பதெல்லாம் ஒருவருடைய வாழ்க்கையையே தீர்மானிக்கிறது.

பையனுடைய விளம்பரத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இணைய மோசடிக் கூடங்களில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படலாம் என்று மதிப்பிட்டது. மலேசியர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள். பழைய வியாபாரத்தில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இதற்குப் படித்தவர்கள்தான் வேண்டும், இரண்டு மூன்று மொழி தெரிந்தால் இன்னும் நல்லது. பேங்காக்கில் இறக்கி, தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வரை காரில் கொண்டுபோய், ஆற்றைக் கடத்தினால் அந்தப் பக்கம் மியன்மார். கடப்பிதழை வாங்கிக்கொள்வார்கள். நாள் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்து அடுத்தவரை ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி. வெளியேற வேண்டுமென்றால் 'கம்பெனி உனக்காகச் செலவழித்தது' என்று ஒரு கணக்கு நீட்டுவார்கள். கணக்கின் முதல் வரி, அந்த இலவச டிக்கெட்.

இவர்கள் குற்றவாளிகளா, பாதிக்கப்பட்டவர்களா? மோசடியில் பணத்தை இழந்தவருக்கு இந்தக் கேள்வியே கோபத்தைக் கிளப்பும். வற்புறுத்தலின் கீழ் செய்த குற்றத்துக்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் இயக்கம் வற்புறுத்தும் கொள்கை. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் தாமாகவே தெரிந்து போனவர்களும் அந்தக் கூடங்களில் இருப்பதால், பிரித்தெடுப்பது அதிகாரிகளுக்கு எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று பையனிடம் மூன்று கேள்விகளை ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கம்பெனியின் பதிவுப் பெயர் என்ன? வேலை ஒப்பந்தத்தைப் புறப்படுவதற்கு முன்பே அனுப்ப முடியுமா? கடப்பிதழ் யார் கையில் இருக்கும்? பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "தம்பி, நிறையக் கேள்வி கேட்பவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது." அதன் பிறகு அந்த எண் இவனைத் தடுத்துவிட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது அவன் சுங்கைப்பட்டாணியில் ஒரு டயர் கடையில் 1,700 வெள்ளிக்கு வேலை செய்கிறான். மோட்டார் சைக்கிள் தவணையும் வீட்டு வாடகையும் போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறான். பொய்யில்லை. போன வாரம் இன்னொரு விளம்பரத்தோடு கடைக்கு வந்தான். "இது கம்போடியா இல்லை அண்ணே, பேங்காக்" என்றான். டிக்கெட் இலவசம்.